மலையேறிய கடன்

நம் நாட்டில் குளிர்காலம் ஏது என்று கேட்பீர்கள். பால் வெட்டிப் பிழைத்த நமக்குத் தெரிந்த குளிர்காலம் ஒன்றே ஒன்றுதான். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்குமே, அதுதான். பால் குறையும். பாலோடு சம்பளமும் குறையும். அதற்கு முன்னால் நவம்பர், டிசம்பரில் அடைமழை வேறு. பட்டை ஈரமாக இருந்தால் கத்தி வைத்துப் பயனில்லை. பால் கோட்டில் இறங்காமல் மரமெல்லாம் வழிந்து மழைநீரோடு போய்விடும். பிரட்டுக் களத்தில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பிய காலைகளை உங்களில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படி ஒரு டிசம்பரில் நான் பட்ட கடனை, 34 ஆண்டுகள் கழித்து இன்னொரு டிசம்பரில் கேமரன் மலைக்குக் கொண்டுபோன கதையைத்தான் சொல்ல வந்தேன். என்னைப் போல் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு எழுந்து நடந்தால் போதும்.

என் தோழியும் நானும் பத்து காஜா பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவள் பெயரைப் போட வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பத்துப் பன்னிரண்டு வயதில் எங்கள் அம்மாமார்களுக்கு மங்கு துடைத்துக் கொடுத்தோம். பிறகு அடுத்தடுத்த நிரையில் மரம் வெட்டினோம். அவளைக் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் குனோங் ராபாட்டுக்கு வாழ வந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஈய லம்பத்தில் வேலை. எனக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டு.

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிந்தா பள்ளத்தாக்கில் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. என் வீட்டுக்காரரும் வேலை இழந்தார். அடுத்த மாதமே மழை பிடித்துக்கொண்டது. எனக்கும் பாதி நாள் வேலையில்லை. மூத்த மகன் ஆறாம் வகுப்பு முடித்து, ஜனவரியில் புகுமுக வகுப்புக்குப் போக வேண்டும். புதுச் சீருடை, சப்பாத்து, புத்தகம், பஸ் காசு. கடைக்காரரின் பற்றுப் புத்தகத்தில் இனி எழுத இடமில்லை. "பையனை ஒரு வருஷம் நிறுத்திடலாமா?" என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்த வாரத்தில், பள்ளி விடுமுறைக்குத் தாய் வீடு வந்த தோழி என்னைப் பார்க்க வந்தாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளே என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். காதில் கிடந்த ஒரு பவுன் தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"புள்ளய நிறுத்தாதடி. மலையில எங்களுக்கு மழையானாலும் கொழுந்து உண்டு. நீ மெதுவா மீட்டுக் குடு" என்றாள்.

தோடு போன காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு மலையேறினாள். அந்தத் தோடு அவள் அம்மா சீர் செய்தது.

ஈப்போவில் அடகு வைத்தேன். 120 வெள்ளி கிடைத்தது. மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி வட்டி, கெடு 6 மாதம். ஜூன் மாதம் 134 வெள்ளி 40 காசு வேண்டும். என் கையில் 60 வெள்ளிதான் இருந்தது. முழுப் பணமும் இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்று வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். கெடு தாண்டிவிட்டது. தோடு கடைக்குச் சொந்தமாகிவிட்டது. 14 வெள்ளி 40 காசு வட்டியை மட்டும் கட்டியிருந்தால் சீட்டைப் புதுப்பித்திருக்கலாம் என்று பிறகுதான் ஒருவர் சொன்னார். தாய்மார்களே, இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கெடு நாளை நாட்காட்டியில் வட்டம் போட்டு வையுங்கள். பணம் போதாவிட்டாலும் கடைக்குப் போய் வாய் திறந்து கேளுங்கள். 60 வெள்ளியைக் கையில் வைத்துக்கொண்டே தோட்டைத் தொலைத்தவள் நான்.

அவளுக்கு நான் கடிதம் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது? இரண்டு வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவளைத் தூரத்தில் பார்த்தேன். காதில் கவரிங் தோடு. நான் சமையல் கொட்டகைக்குள் போய் ஒளிந்துகொண்டேன். அவளோ தீபாவளிக்குத் தீபாவளி யார் கையிலாவது தேயிலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். அந்தத் தேநீர் எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை. 1994இல் அவள் வீட்டுக்காரர் இறந்துபோன செய்தி வந்தது. நான் போகவில்லை. 'வெறுங்காதோடு உட்கார்ந்திருப்பவள் முன்னால் எந்த முகத்தோடு போய் அழுவது' என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு தேயிலை வருவதும் நின்றுவிட்டது.

மகன் படித்து, இப்போது ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். 2019 நவம்பரில் ஒரு மழை இரவில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "என்னைப் படிக்க வைச்சது அந்தத் தோடுன்னு ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலே?" என்று கேட்டான். மறுவாரம் நான் சிறுகச் சேர்த்த பணத்தோடு அவனும் போட்டு, ஒரு பவுனில் தோடு வாங்கினோம். டிசம்பரில் மலைக்குப் புறப்பட்டோம்.

எங்கள் ஊரின் பெயர்பெற்ற ஹியோங் பெங் ரொட்டி இரண்டு பொட்டலமும், சாலையோரக் கடையில் இரண்டு பம்ப்ளிமாஸ் பழமும் வாங்கிக்கொண்டேன். முன்பெல்லாம் தாப்பாவுக்குப் போய், அங்கிருந்து வளைந்து வளைந்து ஏறும் பழைய பாதைதான். இப்போது எங்கள் ஊரையடுத்த சிம்பாங் பூலாயிலிருந்தே கம்போங் ராஜாவுக்கு அகலமான சாலை இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றுகள் பின்னால் போகப் போக மழை வலுத்தது. சரிவுகளில் மண் சரிந்த இடங்களைக் கண்டு மகன் மெதுவாகவே ஓட்டினான். மேலே போனதும் மலையெல்லாம் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள். பிரிஞ்சாங், தானா ராத்தா தாண்டி ஹாபு பக்கம் இறங்கியபோதுதான் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலை தெரிந்தது.

1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலையைப் பற்றிச் சொன்னதால் அவர் பெயர் இதற்கு நின்றது. 1929இல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி வைத்தவர்களில் நம்மவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. 1978 பிப்ரவரி 1ஆம் தேதி இங்கே வெப்பநிலை 7.8 பாகைக்கு இறங்கியது. நாட்டில் பதிவானதில் ஆகக் குறைந்தது அதுதான். அந்த விடியலிலும் கொழுந்து எடுக்கப் போனதாகத் தோழி பிறகு சொன்னாள். விரல் மரத்துப்போய்க் கிள்ளியது இலையா நகமா என்று தெரியாதாம்.

லயத்து வாசலில் அவள் மகன் "வாங்க பெரியம்மா" என்றான். உள்ளே கம்பளிச் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

நான் தோட்டுப் பெட்டியை அவள் மடியில் வைத்தேன். கெடு தாண்டியதையும் கல்யாணத்தில் ஒளிந்ததையும் சொன்னேன். அவள் பெட்டியைத் திறந்து தோட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"எடுத்துக்கிறேன்டி. கடனை வாங்கிக்கத்தான் வேணும். வேணாம்னு சொன்னா நீ இன்னும் முப்பது வருஷம் வரமாட்டே" என்றாள். பிறகு குரல் மாறியது. "தோடு போனது எனக்கு அந்த வருஷமே தெரியும். அதுக்கு நான் அழல. அவரு போனப்ப நீ வரலே பாரு. வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அதை எந்தக் கடையில போயி மீட்கிறது?"

எனக்குப் பதில் இல்லை. இன்றும் இல்லை. அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. தடுக்கவும் இல்லை. வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து தேநீர் கலக்கி வந்தாள்.

"குளிரு தாங்கமாட்டே. ராத் தங்கிட்டுக் காலையில போ" என்றாள்.

மகனை மட்டும் அனுப்பிவிட்டுத் தங்கினேன். இரண்டு கம்பளியைச் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, சின்ன வயதில் லயத்துத் திண்ணையில் படுத்த மாதிரி படுத்தோம். அவள் வீட்டுக்காரர் கடைசி நாளில் என்ன கேட்டார், என்ன சாப்பிட்டார் என்று விடியும்வரை சொன்னாள். 25 வருடம் கழித்து நான் துக்கம் கேட்டேன். காலையில் வெந்நீரில் காதைக் கழுவி, தூர்ந்து போகத் தொடங்கியிருந்த துளையில் எண்ணெய் தொட்டு, தோட்டை நானே போட்டுவிட்டேன். ஒரு காதில் லேசாக இரத்தம் கசிந்தது. "மெதுவாடி" என்றாள். அந்த ஒரு சொல்லில்தான் என் பழைய தோழியின் குரல் கேட்டது.

இப்போதும் அவள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தீபாவளிக்கு மறுபடியும் தேயிலை வருகிறது. நானும் ரொட்டி அனுப்புகிறேன்.

அன்பான வாசகர்களே, நாம் பணத்துக்கு வெட்கப்பட்டு மனிதர்களை இழக்கிறோம். பணக்கடன் 34 வருடம் காத்திருந்தது, கொடுத்ததும் தீர்ந்தது. துக்க வீட்டுக்குப் போகாத கடனுக்குப் புதுப்பிக்கச் சீட்டு இல்லை. உங்களுக்கும் இப்படி ஒருவர் எங்காவது ஒரு மலையிலோ, பக்கத்துத் தோட்டத்திலோ இருந்தால், கையில் பணம் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு பொட்டலம் ரொட்டியோடு போய் வாசலில் நில்லுங்கள்.

போகும்போது ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் குளிர் அதிகம்.