ஒரு நாளைக்கு எத்தனை சொல்

டிசம்பர் 1, 2024. கடலூர், செம்மண்டலம்.

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. கரண்ட் இல்லை. இன்று தர வேண்டிய கட்டுரைகள் வீட்டுக் கடன் வட்டி பற்றி ஒன்று, சர்க்கரைக்காரர்கள் சாப்பிடக்கூடிய காய்கறி பற்றி ஒன்று. லேப்டாப்பில் மிச்சமிருந்த சார்ஜில் ஒன்றை முடித்துவிட்டேன். அனுப்ப நெட் இல்லை.

டிசம்பர் 2

தென்பெண்ணை ஆற்றின் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி திறந்துவிட்டார்களாம். அம்மா பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்கிறாள்.

டிசம்பர் 5

தென்பெண்ணை வீட்டுக்குள் வந்து போய்விட்டது. கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. நாணமேடு, குண்டு உப்பலவாடியில் நிலைமை இதைவிட மோசம் என்கிறார்கள். பால் வாங்கப் போனவர்கள் ஆளுக்கொரு செய்தியோடு திரும்புகிறார்கள்.

எனக்கு இதற்கு நடுவிலும் கணக்கு ஓடுகிறது. ஒரு நாளைக்கு 2,000 சொல், சொல்லுக்கு 40 பைசா, ஆக 800 ரூபாய். எழுதாத நாளுக்கு ஒன்றுமில்லை. எங்களுக்கு விடுப்பு கிடையாது, மழை நிவாரணமும் கிடையாது. இடைவெளிக்கு இடைவெளி எண்ணுகிறது கம்ப்யூட்டர். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்று சேர்த்து எழுதினால் 40 பைசா, பிரித்து எழுதினால் 1 ரூபாய் 20 பைசா. தமிழில் எழுதிப் பிழைக்கும் எல்லோருக்கும் இது தெரியும். ஆங்கிலத்துக்கென்று வைத்த அளவுகோலை அப்படியே தூக்கி நம்மேல் போட்டிருக்கிறார்கள். இதை யாராவது உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டும்.

கரண்ட் வராததால் இதையெல்லாம் பழைய கல்லூரி நோட்டில் எழுதுகிறேன்.

டிசம்பர் 8. சிதம்பரம்.

அம்மாவை அழைத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே கரண்ட் இருக்கிறது. வந்ததும் வராததுமாக மாடியில் உட்கார்ந்து விட்டுப்போனதைப் பிடிக்கப் பார்த்தேன். மாமா காப்பியை வைத்துவிட்டு, “ஏம்மா, இந்த ஊர்ல மௌனின்னு ஒருத்தர் இருந்தார், தெரியுமில்ல? ஆயுசுக்கும் 24 கதைதான்” என்றார். பாராட்டாகச் சொன்னாரா, என்னை எழுந்திருக்கச் சொன்னாரா, தெரியவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

“அவருக்கு அரிசி மில் இருந்தது மாமா.”

“இருந்துச்சுதான்” என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. மௌனி பிறந்தது 1907, போனது 1985. 77 வயதுக்கு 24 கதை. புதுமைப்பித்தன் அவருக்கு ஒரு வயது மூத்தவர், பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். பதினைந்து வருஷத்துக்குள் 100 கதைக்கு மேல், அதோடு மொழிபெயர்ப்பு, கட்டுரை, பத்திரிகை வேலை. 1948-இல் காசநோயில் போகும்போது வயது 42. எங்கள் ஊர்க்காரர் இன்னொருவர் ஜெயகாந்தன். அவர் தொடர்கதைகளுக்காக வாரா வாரம் காத்துக்கிடந்த வீடுகள் உண்டு. வேகமாக எழுதினால் தரம் போய்விடும் என்று யாராவது பேசினால் இந்த இரண்டு பேரையும் முன்னால் நிறுத்துவேன். ஆனால் சிறுகதையின் திருமூலர் என்று மௌனியைச் சொன்னதும் அதே புதுமைப்பித்தன்தான். சம்பளத்துக்காக ஓடி ஓடி எழுதிய மனிதர், ஆற அமர எழுதியவரைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறார். அதில் பொறாமை துளியும் இல்லை. ஏன் இல்லை என்பதைத்தான் விடியும்வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13

கார்த்திகை தீபம். விளக்கை நிற்க விடவில்லை மழை.

டிசம்பர் 17

எனக்குக் கட்டுரை வேலை தரும் ஒருங்கிணைப்பாளர் புதுத் தலைப்பு அனுப்பியிருக்கிறார்: ‘வெள்ளம் வடிந்த வீட்டைச் சுத்தம் செய்வது எப்படி’, 800 சொல், மாலைக்குள். இந்த மாதிரிக் கட்டுரை எனக்கு ஒரு மணி நேர வேலை. முன்னுரை, ஆறு துணைத் தலைப்பு, முடிவுரை. கை தானாக ஓடும்.

இன்று ஓடவில்லை. ‘முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவும்’ என்று எழுதியதும், எங்கள் தெருவில் மெயின் பெட்டியே தண்ணீருக்குள் இருந்தது நினைவுக்கு வந்தது. அணைக்க யார் இறங்குவது? அடித்தேன். ‘நனைந்த மெத்தையை வெயிலில் உலர்த்தவும்’ என்றால் வெயில் எங்கே? ஊறிய மெத்தையைத் தூக்க நாலு ஆள் வேண்டும். அதையும் அடித்தேன். பிளீச்சிங் பவுடரையும் பினாயிலையும் கலக்கக் கூடாது என்பதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எழுத முடிந்தது. சேறு காய்வதற்கு முன்னால் வழித்துவிட வேண்டும், காய்ந்தால் கல்லாகிவிடும் என்பதை எந்தப் பக்கத்திலும் நான் படித்ததில்லை. அம்மா சொல்லித்தான் தெரியும். இருட்டும்போது 300 சொல்கூட வரவில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு மெதுவாக நான் எழுதியதே கிடையாது.

நாளைக் காலை தருகிறேன் என்று செய்தி போட்டேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை.

டிசம்பர் 20

கோயிலுக்குப் போனேன். அப்பர் பாடியது 49,000 பதிகம் என்கிறது திருமுறை கண்ட புராணம். கையில் இருப்பது 312. மற்றதையெல்லாம் இந்தக் கோயில் அறையில் கறையான் தின்றுவிட்டதாம். தொலைந்ததைச் சொல்லும்போதும் எண்ணிக்கைதான் முன்னால் வந்து நிற்கிறது.

டிசம்பர் 29. செம்மண்டலம்.

வீட்டு நாற்றம் போகவில்லை. எதிர்வீட்டு ஆயா வந்து, “கண்ணு, ஒரு மனு எழுதிக் குடு” என்றது. இரண்டு ஆடுகள் வெள்ளத்தோடு போய்விட்டன. ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. தன் பெயர் பட்டியலில் இல்லை என்கிறது ஆயா.

ஒரு பக்கம்தான். எழுதி வாசித்துக் காட்டினேன். “சினை ஆடுன்னு எழுதினியா?” எழுதவில்லை, சினையோ இல்லையோ தொகை ஒன்றுதான் என்று விளக்கினேன். “தொகை கெடக்கட்டும். சினை ஆடுன்னு போடு.” போட்டேன். “பெரும் வெள்ளத்தில் சிக்கி” என்றிருந்ததற்கு, “சிக்கலியே, கட்டிப் போட்டிருந்தேன், அவுக்க முடியல” என்றது. மாற்றினேன். ‘வாழ்வாதாரத்தை முற்றிலும் இழந்து’ என்ற வரி வந்ததும் கையை நீட்டித் தடுத்துவிட்டது. அதுக்கு எருமை ஒன்று மிச்சமிருக்கிறதாம். மத்தியானம் முழுக்க ஆயிற்று. கடைசியில் 90 சொல் இருக்கும். ஆயா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனது.

டிசம்பர் 30

தெருக்கோடியிலிருந்து இன்னும் மூன்று பேர், மனுவுக்கு.

ஜனவரி 3, 2025

ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். வெள்ளக் கட்டுரையை நிறையப் பேர் கடைசிவரை படித்திருக்கிறார்களாம். நல்ல குரலில்தான் சொன்னார். உடனே, பொங்கலுக்கு முன் ஒரு நாளைக்கு 3,000 சொல் தர முடியுமா, முடியாதென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வாடகை 5-ஆம் தேதி. ஆயாவை நாளை காலை 10 மணிக்கு தாசில்தார் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். துணைக்கு நான் வர வேண்டுமாம். ஒருங்கிணைப்பாளருக்கும் நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.