பாடும் மீனும் சாவிக் கொத்தும்

மட்டக்களப்பிற் பிறந்தவர்க்கு ஒரு கடமை உண்டு. எவ்வூருக்குச் சென்று தம் ஊர்ப் பெயரைச் சொன்னாலும், கேட்பவர் உடனே, "மீன் மெய்யாகவே பாடுமா?" என்பார். "பாடும்" என்று சொல்லியே ஆகவேண்டும். வேறு விடை கூறின் ஊருக்கே இழுக்கன்றோ?

பேராதனைப் பல்கலைக்கழக விடுதியில் எம்மோடு ஓர் அறையில் வாழ்ந்த யாழ்ப்பாண நண்பருக்கு நான்காண்டுகள் இம்மீன்களின் புகழை ஓதி வந்தோம். பூரணை நிலவு, அலையற்ற வாவி, துடுப்பின் ஒரு முனையை நீரிலும் மறு முனையைக் காதிலும் வைத்தால் எழும் இன்னிசை என யாவற்றையும் வருணித்தோம். வருணனை ஆண்டுதோறும் வளர்ந்தது. இறுதியாண்டில் நாம் இராகத்தின் பெயரையும் கூறியதாக நண்பர் இன்றும் சாதிக்கின்றார். அவ்வளவுக்குச் சென்றிருப்போமென்று எமக்குத் தோன்றவில்லை.

இருபதாண்டுகள் கழித்து, சென்ற வைகாசிப் பூரணையன்று, அவர் தம் மனைவியாரோடு வந்து சேர்ந்தார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுகம் விசாரிக்கவில்லை.

"மச்சான், எங்கை உன்ரை மீன்?" என்றார்.

நாமும் சான்றுகளின்றி நிற்கவில்லை. மாலைத் தேநீரோடு அவற்றை அடுக்கினோம். குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமர்சன் டெனண்ட் 1848 இல் இவ்வாவியில் நிலவொளியில் தோணியேறிச் சென்று, அவ்வொலியைத் தம் காதாற் கேட்டு, 1859 இல் வெளிவந்த தமது நூலிற் குறித்து வைத்தார். கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பை ஈரவிரலால் தேய்க்க எழும் நாதத்துக்கு அதனை ஒப்பிட்டார். பாடுவது மீனன்று, 'ஊரி' என்னும் சிப்பியினமே என்று இவ்வூர் மீனவர் சொன்னதையும் அவர் விடவில்லை. அமெரிக்க யேசுசபைக் குருவாகிய லாங் அடிகளார் 1954 இல் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலியைப் பதிவு செய்தார். இலங்கை வானொலி அதனை நாடெங்கும் ஒலிபரப்பிற்று. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளாரோ இவ்வாவிக்கு அண்மையில், கல்லடியிலேயே சமாதி கொண்டிருக்கிறார்.

நண்பரின் மனைவியார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பின்பு, "அண்ணை, நீங்கள் எத்தனை தரம் கேட்டிருக்கிறியள்?" என்றார்.

தேநீர் ஆறுகின்றதே என்று நினைவூட்டினோம்.

அந்திப்பொழுதில் வாவிக்கரையிலுள்ள கண்ணகையம்மன் ஆலயத்துக்குச் சென்றோம். சடங்குக் காலமாதலாற் சனக்கூட்டம் மிகுதி. ஆடவர் மேற்சட்டை களைந்து கும்பிடுவது முறையாதலால், சட்டையைக் கழற்றிக் கைமேற் போட்டுக்கொண்டு கும்பிட்டோம். இச்சிறு செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கடவர்.

இரவுணவுக்கு மட்டக்களப்பு நண்டு என்று முன்னரே வாக்களித்திருந்தோம். பூரணை விடுமுறை என்பதை மறந்துவிட்டோம். வீதி நெடுகிலும் பூட்டிய கதவுகள். திறந்திருந்த ஒரேயொரு சாப்பாட்டுக் கடையிற் சமையற்காரர் சடங்குக்குப் போய்விட்டாராம். பரிமாறும் பையன் உள்ளே சென்று தேடி வந்து, ஆளுக்கு நான்கு இடியப்பமும் சம்பலும் உண்டு என்றான். "யாழ்ப்பாணத்திலை கிடையாத சாமான்" என்று நண்பர் ஒவ்வொரு இடியப்பத்தையும் பயபக்தியோடு உண்டார். எம் மனையாள் எம்மைப் பார்த்த பார்வையை இங்கு எழுதுதல் வேண்டா.

கல்லடியில் இரண்டு பாலங்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, தேசாதிபதி மனிங் துரையின் மனைவியார் பெயரால் வழங்கும் பழைய இரும்புப் பாலம். ஒரு திசை வாகனங்கள் கடந்து முடியும்வரை மறு திசையார் காத்து நின்ற ஒடுங்கிய பாதை அது. மற்றையது 2013 இல் திறந்த அகன்ற பாலம். காத்திருந்த காலத்திற் சற்று அமைதியும் இருந்திருக்கும். இப்போது மோட்டார் சைக்கிள்கள் ஓய்வதேயில்லை.

முதிய தோணிக்காரர் பாலத்துக்கு அப்பால் தோணியை நிறுத்தித் துடுப்பை நீரில் இறக்கினார். நிலவு மட்டும் எமது வருணனையைப் பொய்ப்பிக்கவில்லை. நண்பர் காதை வைத்தார். நெடுநேரம் அசையாதிருந்தார்.

"கேட்குது! ஆரோ கதைக்கினம்!"

நாமும் செவிமடுத்தோம். துடுப்பே வேண்டியிருக்கவில்லை. ஆலயத்து ஒலிபெருக்கி, சாவிக் கொத்து ஒன்று கண்டெடுக்கப்பட்டுள்ளதென்றும், உரியவர் வந்து பெற்றுக்கொள்ளலாமென்றும் வாவி முழுவதற்கும் அறிவித்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்துக்கொரு தரம் அதனையே திருப்பிச் சொல்லிற்று. "யாரோ ஒரு கவலையீனன்" என்று ஆசிரியர்க்குரிய குரலிற் கடிந்துகொண்டோம்.

அடுத்து நண்பரின் மனைவியார் வயலின் போல மெல்லிய இழையொன்று கேட்கிறதென்றார். யாவரும் மூச்சடக்கினோம். அவர் தம் கன்னத்திற் சட்டென்று அறைந்துகொண்டார். இசை நின்றுவிட்டது. நுளம்பு. இன்னும் சிறிது நேரத்தில் தாழ்ந்த சுருதியில் ஒரு முழக்கம் எழுந்தது. அது நண்பரின் வயிறு. நான்கு இடியப்பம் எம்மாத்திரம்?

"பாட்டு இருக்கு சேர். சத்தம் கூடிப் போச்சு, அதுகள் என்ன செய்யும்?" என்று தோணிக்காரர் மீன்களுக்காகப் பரிந்து பேசிக் கூலியை வாங்கிக்கொண்டார்.

வீட்டு வாயிலில் நின்று சட்டைப் பையைத் தடவியபோது இரவு பதினொரு மணி. பையில் ஒன்றுமில்லை. யாரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அயல்வீட்டுப் பையன் சைக்கிளில் ஆலயத்துக்குப் போனான். நாங்கள் நால்வரும் படியில் அமர்ந்தோம்.

"அண்ணை, நான் பின்னேரம் கேட்டதுக்கு நீங்கள் மறுமொழி சொல்லேல்லை" என்றார் நண்பரின் மனைவியார்.

வேறு வழியில்லை. "ஒரு தரமும் இல்லைத் தங்கச்சி" என்றோம்.

கேட்டவர் எமது தந்தையார். அவர் சொன்னதையே எமது காதாற் கேட்டது போற் சொல்லி வந்தோம். நாம் வளர்ந்த காலம் 1990களின் போர்க்காலம். பகலிலேயே காவலரணில் அடையாள அட்டை காட்டி நடந்த நாள்களில், பொழுதுபட்ட பின் வாவியில் தோணி இறக்கச் சிறுவனை எந்தத் தாய் விடுவாள்? போர் ஓய்ந்தபின் போயிருக்கலாம். அதற்குள், கேட்டதாகப் பலரிடம் சொல்லிவிட்டோம். புதிதாகக் கேட்கப் போவது வெட்கமாயிருந்தது.

எம் மனையாளும் அன்றுதான் இதனை அறிந்தாள்.

நண்பர் சிறிது நேரம் நிலவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நிலாவரைக் கிணத்திலை போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியிலை மிதக்கும் எண்டு சொன்னனான், நினைவிருக்கோ?"

"நீயே கையால் எடுத்ததாகவும் சொன்னாய்."

"நான் போடவுமில்லை, எடுக்கவுமில்லை. 1990 இலை இடம்பெயர்ந்தனாங்கள். பிறகு எத்தனை வருஷம் கீரிமலைப் பக்கம் போக ஆர் விட்டது? அப்பா சொன்ன கதையடா அது."

அவர் மனைவியார் சிரிக்கத் தொடங்கினார். சாவி வரும்வரை சிரிப்பு நிற்கவில்லை.

மறுநாட் காலை அவர்களை வழியனுப்பும்போது, எம் மனையாள் வளவிற் பறித்த தேசிக்காய் இரண்டைப் பையிற் போட்டுவிட்டாள். ஒன்றில் எமது பெயரும் மற்றையதில் நண்பரின் பெயரும் மையினால் எழுதப்பட்டிருந்தன.