பனியன்காரன் மலை ஏறின கதை

பொங்கலூரில் காடு கிடையாது. பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் நடுவே திருச்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலாபக்கமும் பார்த்தீர்களானால் கோழிப் பண்ணை, விசைத்தறி, காற்றாலை, பி.ஏ.பி. வாய்க்கால். இவ்வளவுதான். எங்கள் ஊரில் யாராவது ‘மலைக்குப் போறேன்’ என்றால் ஒன்று சிவன்மலை, இல்லாவிட்டால் பழநி. இரண்டுக்கும் படிக்கட்டு உண்டு.

அப்படிப்பட்ட ஊரிலிருந்து, திருப்பூரில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிற ஒருத்தன், சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு உத்தரகாசிக்குப் போய் 28 நாள் மலையேற்றப் பயிற்சி எடுத்தான் என்றால் ஊர் என்ன சொல்லும்? “நல்லாத்தானப்பா இருந்தான்!” என்றது.

அம்மா இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னார். “ஏஞ்சாமி, சம்பளத்தையும் உட்டுப்போட்டு, கையிலிருந்து காசும் கட்டிப்போட்டு மூட்டை தூக்கப் போறயா? அதுக்கு நம்ம தீவனக் குடோனுக்குப் போனா அவன் காசு குடுப்பானேடா!”

பதில் சொல்ல முடியாத கேள்வி. ஆனால் காரணம் இருந்தது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலைப் பக்கம் போய்விட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்து ஒரு கூட்டம். ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு கூட்டம். மொத்தம் 23 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் நம் வயசுக்காரர்கள். வாரம் ஆறு நாள் ஆபீஸில் கழுத்து வலிக்க உட்கார்ந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மூச்சு விடலாம் என்று போனவர்கள். சூலூர் விமானப்படைத் தளம் எங்களுக்குப் பக்கம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் எங்கள் ஊரில் மாடுகூடத் தலையைத் தூக்காது. அங்கிருந்துதான் மீட்புக்கு ஹெலிகாப்டர் போனது என்று டி.வி.யில் சொன்னபோது அம்மா வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு அன்றைக்கு உறைத்தது இதுதான்: ஷூ வாங்கத் தெரிகிறது, பை வாங்கத் தெரிகிறது. தீ எந்தப் பக்கம் ஓடும் என்று நமக்கு யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? (தீ மேட்டுப் பக்கம்தான் வேகமாக ஓடும். காய்ந்த புல்லில் அதற்கு முன்னால் மேலே ஓடி ஜெயிக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லாமல் அக்பரின் அப்பா பேரைச் சொல்லிக் கொடுத்தார்கள்.)

சரி, உத்தரகாசி. அங்கே இருக்கிற நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965-ல் ஆரம்பித்தது. 1984-ல் எவரெஸ்ட் ஏறின முதல் இந்தியப் பெண் பச்சேந்திரி பால் அங்கே படித்தவர்தான். அதற்கும் முன்னால் 1954-லேயே டார்ஜிலிங்கில் ஒன்று தொடங்கி, டென்சிங் நார்கேவை வாத்தியார் வேலைக்கு வைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அதே 1965-ல் அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில் பால் பெட்ஸோல்ட் என்கிற மலையேறியும் ஒரு காட்டுப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். மனுஷன் 1938-ல் கே-2 சிகரத்துக்குப் போன குழுவில் இருந்தவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம், கயிறு கட்டுவதைவிடத் தீர்மானம் எடுப்பதுதான் முக்கியம் என்பது. கேட்க சப்பென்றுதான் இருக்கிறது. பனியில் நின்று பார்த்தால் தெரியும்.

நான் போனது 2019 மே மாதம். முதல் நாள் சாமான் சோதனை. என் பையிலிருந்து பயிற்சியாளர் ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார். அரை டஜன் பனியன். அத்தனையும் நயம் காட்டன், எங்கள் கம்பெனி எக்ஸ்போர்ட் சரக்கு.

“இதெல்லாம் ஆகாது. பருத்தி மலையில் ஆளைக் கொல்லும்” என்றார் ஹிந்தியில்.

சார், திருப்பூர்க்காரனிடம் சொல்லுகிற வார்த்தையா இது? எனக்கு ரோஷம் வந்தது. ஆனால் ரெண்டு நிமிஷம் யோசித்தால், இந்தக் கணக்கு எனக்குத்தான் முதலில் தெரிந்திருக்க வேண்டும். நூலை எடை போட்டு வாங்குகிறவர்களுக்கு இது பாலபாடம். 100 கிராம் காய்ந்த பருத்தி நூல் சாதாரணக் காற்றிலேயே எட்டரை கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. எங்கள் ஊர் வெயிலில் வேர்வையைக் குடிக்கிற பருத்தி சொர்க்கம். பனியில் அதே வேர்வை பனியனிலேயே தங்கி, நின்ற இடத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் கொஞ்சம் சூடு காப்பாற்றும். ஆக, பனியில் பாலியெஸ்டரும் கம்பளியும்.

ஆனால் அதே பாலியெஸ்டரைப் போட்டுக்கொண்டு காட்டுத்தீயில் மாட்டினால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியுமே தவிர உருகாது. எந்த மலைக்கு எந்தத் துணி என்று ஒரு பனியன்காரனுக்குச் சொல்லிக்கொடுக்க உத்தரகாசிக்காரர் வேண்டியிருந்தது!

முதல் சில நாள் பாறை ஏறுவது, முடிச்சு போடுவது. அப்புறம் புக்கி என்கிற கிராமத்திலிருந்து நடந்து, 12,000 அடிக்கு மேலே டோக்ரியானி பாமக்கில் முகாம். (‘பாமக்’ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் பனியாறு. நம் ஊர் அரசியல் எதுவும் இல்லை.) முதுகில் மூட்டை. அம்மா சொன்ன தீவன மூட்டை ஞாபகம் வராத நாளில்லை.

எங்களைச் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ‘ரோப்’ என்று பெயர் வைத்தார்கள். தலைவர் பதவி சுற்றி வரும். தலைவர் என்றால் முன்னால் கொடி பிடித்துப் போகிறவர் என்று நினைத்தேன். அங்கே தலைவரின் வேலை என்ன தெரியுமா? சாயங்காலம் ஒவ்வொருத்தன் பாதத்தையும் பார்ப்பது. கொப்புளம் இருக்கிறதா, சாக்ஸ் காய்ந்திருக்கிறதா, தண்ணீர் குடித்தானா, ஒன்றுக்குப் போனானா... மாமியார் வேலை.

என் முறை வந்த அன்றைக்குப் புனேக்காரப் பையன் ஒருவன் சாப்பிடவில்லை. “தலைவலியா?” என்றேன். “இல்லை” என்றான். கூடாரத்துக்குள் குனிந்தபோது நெற்றியைப் பிடித்துக்கொண்டான். உயரத்தில் தலைவலியோடு சாப்பாடு பிடிக்காமல் போனால் அது பித்தமல்ல. காற்று மெலிந்த உயரத்துக்கு உடம்பு இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். அதோடு மேலே போனால் மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்துக்கொள்ளும். கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. ஆனால் சொன்னால் கிரேடு போய்விடும் என்று அவனுக்குப் பயம். ‘ஏ’ கிரேடு இல்லாமல் அடுத்த கோர்ஸில் சேர முடியாது. “சொல்லாதே பாய்” என்று கையைப் பிடித்தான்.

போய்ச் சொன்னேன். ராத்திரியோடு ராத்திரியாகக் கீழ் முகாமுக்கு இறக்கினார்கள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ரெண்டு நாள் கழித்து மலர்ந்த முகத்தோடு ஏறி வந்து, என் தட்டிலிருந்தே ஒரு ரொட்டியை எடுத்துத் தின்றான். அதுதான் சமாதான உடன்படிக்கை.

இதெல்லாம் படித்துவிட்டால் ஆபத்து இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி அதே நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு, திரௌபதி கா தண்டா மலையில் பனிச்சரிவில் சிக்கியது. 29 பேர். அதில் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால், அதே வருஷம் மே மாதம்தான் எவரெஸ்ட் ஏறியவர். சாயப்பட்டறையில் ஷேட் பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. அன்றைக்கு நான் எந்தக் கலரையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன்.

ஊருக்குத் திரும்பினதும் ஒன்று புரிந்தது. அங்கே ஹிந்தியில் சொன்னதில் பாதி எங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பொங்கலூரிலிருந்து பழநிக்கு நடந்து போகிற கூட்டத்தில் எங்கள் பெரியப்பா ஒருவர் உண்டு. சுமார் 70 கிலோமீட்டர். அவர் எப்போதும் கடைசியில்தான் வருவார். கையில் விளக்கெண்ணெய்ப் புட்டி. தாராபுரம் தாண்டி எவன் கால் இழுக்கிறான் என்று அவருக்குத் தெரியும். “கண்ணு, உக்காரு, காலக் காட்டு” என்பார். இருட்டினதும் தலை எண்ணுவார். உத்தரகாசியில் பணம் கட்டிக் கற்றதை மனுஷன் பஞ்சாமிர்தத்துக்குச் செய்துகொண்டிருந்தார்.

நிற்க. 2024 மார்ச்சில் கம்பெனிப் பையன்கள் பன்னிரண்டு பேர் என் மேஜைக்கு வந்தார்கள். “அண்ணா, ஞாயித்துக்கிழமை வால்பாறைப் பக்கம் ஒரு மலை. ஃபிரெண்டுக்குத் தெரிஞ்ச ஆள் வழி காட்டறாராம். நீங்கதான் லீடர்!” மாலை போடாத குறை.

மூன்று கேள்வி கேட்டேன். வனத்துறை அனுமதி யார் பேரில்? கடைசியில் யார் வருவது? எத்தனை மணியானால் பாதியில் இருந்தாலும் திரும்புவது?

“அதெல்லாம் பாத்துக்கலாமுங்ண்ணா!”

வரமாட்டேன் என்றேன். குரங்கணிக்கு அப்புறம் 2018-லேயே அரசாங்கம் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் போட்டதையும், மார்ச் மாதப் புல் எப்படிப் பற்றும் என்பதையும் சொன்னேன். ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஒரு முனகல் காதில் விழுந்தது. அதோடு விட்டேனா? அதில் ரெண்டு பேர் எங்கள் ஊர்ப் பையன்கள். அவர்கள் அப்பாக்களுக்குப் போன் போட்டுவிட்டேன். பயணம் ரத்து. ரெண்டு மாசம் கேன்டீனில் தனியாகத்தான் டீ குடித்தேன். பஜ்ஜி முழுசும் எனக்கே கிடைத்தது என்பது தவிர அதில் ஒரு சுகமும் இல்லை.

2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று வனத்துறையே 40 பாதைகளைத் திறந்தது. எங்கள் மாவட்டத்துக்கும் ஒன்று உண்டு: உடுமலைக்கு மேலே, சின்னாறு செக்போஸ்ட்டிலிருந்து கூட்டாறு. பதிவு செய்து பணம் கட்டினால், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து பயிற்சியும் பெற்ற ஆள் வழிகாட்டியாக வருவார். தீ சீசனில் மூடிவிடுவார்கள். நானே பையன்களைக் கூப்பிட்டேன். ஒன்பது பேர் வந்தார்கள். என்னைப் பயந்தாங்கொள்ளி என்றவனும் வந்தான். அனைவரும் பருத்தி பனியன்; அது என் உத்தரவு.

ஒரு திருப்பத்தில் வழிகாட்டிப் பையன் சட்டென்று கையைத் தூக்கினான். இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். மூக்கை ஒரு தரம் சுருக்கினான். எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த இலை, தூரத்தில் தண்ணீர்ச் சத்தம்.

“ஆனை இருக்குதுங்க. திரும்பிரலாம்.”

“ஒரு போட்டோ மட்டும்...” என்று ஒருவன் ஆரம்பித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே லீடர் நானில்லை. வழிகாட்டி பதிலே சொல்லாமல் திரும்பி நடந்தான். ஒன்பது பேரும் சத்தமில்லாமல் பின்னால் போனார்கள். யானையை யாரும் பார்க்கவில்லை.

உடுமலை பஸ் ஸ்டாண்டில் பரோட்டா சாப்பிடும்போது, கட்டின பணத்தில் பாதியாவது திரும்பித் தருவார்களா என்று விவாதம் நடந்தது. அந்தப் பழைய ‘பயந்தாங்கொள்ளி’ பார்ட்டி மட்டும் மேஜைக்கு அடியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“அண்ணா, குதிகால்ல எரியுது. கொஞ்சம் பாக்கறீங்களா?”

பார்த்தேன். கொப்புளம்.