ஒரேயொரு படம் வைத்திருப்பவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. படம் கழுவுவது பற்றியது. நினைவு நாள் நெருங்கினால் பெற்றோர் எங்களிடம்தான் போனை நீட்டுகிறார்கள்: "சேர், ரீச்சர், இதைப் பெருசாக்கித் தர ஏலுமோ?"

ஓமந்தையில் இந்தக் கேள்வியைச் சும்மா எடுக்க முடியாது. 2009இல் இங்கிருந்த சோதனைச் சாவடியைத் தாண்டி முகாமுக்குப் போன சனத்திடம் மாற்றுடுப்பே இல்லை, அல்பம் எங்கே இருக்கப் போகிறது? எங்கள் ஆட்களுக்கும் அது தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் படங்கள் பூட்டிய வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டன. (எங்கள் வீடுகளில் படத்தைச் சுவரில் மாட்டுவது குறைவு. அலுமாரிக்குள் ஒரு பெட்டியில் இருக்கும். இழந்தால் வருத்தம் ஒன்றுதான்.) ஆகவே பலரிடம் இருப்பது ஒரேயொரு படம். அதுவும் லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் தன் அல்பத்தைப் போனால் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும்போது படத்தைச் சுருக்கிவிடும். நீளப் பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிதான் மிஞ்சும். நல்ல பிரிண்டுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். 4க்கு 6 அளவுக்கே 1200க்கு 1800 தேவை. ஏ4 அளவுக்கு 2480க்கு 3508. வாட்ஸ்அப் படத்தை ஏ4 ஆக்கினால் அங்குலத்துக்கு 137 அளவில்தான் விழும். தூரத்தில் மாட்டினால் சமாளிக்கலாம், கையில் பிடித்தால் முகம் கலங்கித் தெரியும். அனுப்புகிறவரிடம் "டொக்கியூமன்டாக அனுப்புங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், சுருங்காமல் வரும். அதைவிட நல்லது, அங்கேயே 600 புள்ளியில் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்வது. கண்ணாடியின் மேல் போனைப் பிடித்தால் பல்பின் வெளிச்சமும் பிடிப்பவரின் நிழலும் சேர்ந்தே வரும்.

பழைய படம் கண்ணாடியில் ஒட்டிப்போயிருந்தால் தயவுசெய்து உரிக்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே ஸ்கேன் பண்ணலாம். மூலப் படத்தை லெமினேற் பண்ணவும் வேண்டாம். சூட்டில் ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது. பிரதியை எத்தனை தடவையும் லெமினேற் பண்ணுங்கள்.

கொமினிகேசன் கடையில் பளபளப்புக் கடதாசியில் அடித்துத் தருவது பெரும்பாலும் சாய மைப் பிரிண்ட். அன்றைக்கு அழகாக இருக்கும். வெயில் பட்டால் சீக்கிரம் வெளிறும். 2017 பெப்ரவரியிலிருந்து வவுனியாவில் வீதியோரம் இருந்து பிள்ளைகளைத் தேடும் அம்மாமாரின் கையில் இருப்பவை வெயிலில் பிடிக்கிற படங்கள். பஸ் ஏறி வவுனியாவுக்குப் போகிறவர்கள் ஸ்டூடியோவில் "லேப் பிரிண்டா?" என்று கேளுங்கள். அது ஒளிபட்டுப் பதியும் கடதாசியில், இரசாயனத்தில் உண்மையாகவே கழுவுகிற படம். நேர்வெயில் படாமல் வைத்தால் பல பத்து வருசம் நிற்கும். அதற்கும் வெயில் கூடாதுதான். வீதிக்குக் கொண்டுபோவதற்கு வேறு பிரதி, வீட்டுக்கு வேறு பிரதி.

இன்னொன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினோம். எங்கள் மாணவி ஒருத்தியின் அம்மம்மா, காணாமல்போன மகனின் சின்னப் படம் ஒன்றை ஒரு கடையில் கொடுத்தார். அவர்கள் செயலி ஒன்றில் போட்டு "தெளிவாக்கி" பெரிதாக அடித்துக் கொடுத்தார்கள். கண் பளிச்சென்று, தோல் வழுவழுப்பாக, பல்வரிசை கூடத் திருத்தமாக. அம்மம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, "வடிவான பெடியன், ஆனா இவன் ஆர்?" என்று கேட்டார். அந்தச் செயலிகள் மங்கலுக்குள் இருப்பதைக் கண்டுபிடிப்பதில்லை, அங்கே என்ன இருக்கலாம் என்று ஊகித்து வரைகின்றன. பூஞ்சணத்தை, கீறலைத் துடைக்கட்டும். முகத்தில் கை வைக்க விடாதீர்கள். அந்தப் பெடியனின் மூலப் படம் பத்திரமாக இருந்ததால் திரும்ப ஸ்கேன் பண்ணி, 4க்கு 6 அளவில் மட்டும் கழுவினோம். மங்கல்தான். அம்மம்மா அதைத்தான் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

சின்னச் சின்ன விசயங்கள்: போன் திரையில் தெரியும் வெளிச்சம் கடதாசியில் வராது. முதலில் ஒரு சின்னப் பிரதி அடித்துப் பார்த்துவிட்டுப் பெரிதாக்குங்கள். போன் படம் 4க்கு 3 வாகு என்பதால் 4க்கு 6 கடதாசியில் ஓரம் வெட்டுப்படும். "தலை வெட்டுப்படாமல், வெள்ளைக் கரை விட்டு" என்று சொல்லிக் கொடுங்கள்.

படத்தின் பின்பக்கம் பேனையால் அழுத்தி எழுத வேண்டாம், முன்பக்கம் தடம் விழும். மெல்லிய பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு போதும். குழுப்படமென்றால் யார் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதையும் எழுதிவிடுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இப்போது வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

ஸ்கேன் வசதி இல்லாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் கொண்டுவாருங்கள். பிரேமைக் கழற்றாமல், துணியில் சுற்றி, வேறொன்றும் செய்யாமல் அப்படியே.