ஆறு வாரக் குளிருக்கு ஓர் ஊர் பின்னும் கம்பளி

டிசம்பர் நடுவில் கொல்கத்தாவில் வந்திறங்கும் தமிழருக்கு முதலில் வருவது குளிரல்ல, சிரிப்பு. விடிகாலையில் 15 டிகிரி. ஊட்டிக்கு ஒரு தடவை போய்வந்தவர்கள்கூட இதைக் குளிர் என்று சொல்ல யோசிப்பார்கள். ஆனால் ரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் நடைபயிலும் பெரியவர்களும், மீன் கடையில் ரோகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து பேரம் பேசும் குடும்பத் தலைவர்களும் கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய மங்கி கேப்புக்குள் அடைக்கலம் புகுந்திருப்பார்கள். போதாததற்குக் கழுத்தைச் சுற்றி ஒரு மஃப்ளர். 'டாண்டா லேகே ஜாபே' - குளிர் பிடித்துக்கொள்ளும் - என்பது வங்காளத் தாய்மார்களின் தேசிய கீதம். மற்ற மாநிலத்துக்காரர்கள் கேலி செய்து ஓய்ந்துவிட்டார்கள். வங்காளிகள் குல்லாவைக் கழற்றுவதாக இல்லை.

கணக்குப் பார்த்தால் இங்கே கம்பளிக்கு வேலையே இல்லை. ஜனவரியில் சராசரியாக இரவில் 14 டிகிரி, பகலில் 25க்கு மேல். கம்பளி உடுப்பு உண்மையிலேயே தேவைப்படுவது ஆறு அல்லது ஏழு வாரம். மிச்ச நாளெல்லாம் ரசகற்பூர உருண்டைகளோடு பெட்டியில் தூங்க வேண்டியதுதான். ஆனாலும் துர்கா பூஜையும் காளி பூஜையும் முடிந்த கையோடு வீட்டில் ஊசிகளைத் தேடும் வழக்கம் இந்த ஊருக்குத் தலைமுறைகளாக உண்டு. நியூ மார்க்கெட், கரியாஹாட், ஹாதிபாகான் என்று எங்கே கேட்டாலும் நூல் கிடைக்கும் கடைக்கு வழி சொல்வார்கள். குளிருக்காக மட்டும்தான் பின்னுகிறார்கள் என்றால் இந்த மும்முரம் புரியாது. இந்த ஊரில் கம்பளி என்பது உடுப்பைவிட உறவோடு அதிகம் சம்பந்தப்பட்டது. பிறக்கப்போகும் பேரக் குழந்தைக்கு ஒரு ஜோடி காலுறை, வெளியூர்க் கல்லூரிக்குப் போகும் பையனுக்கு ஒரு குல்லா, தீபாவளியை அடுத்து வரும் பாய் போட்டா நாளில் அண்ணன் நெற்றியில் சந்தனம் இட்டபின் கையில் கொடுக்க ஒரு மஃப்ளர். எல்லாமே சின்னச் சின்னப் பொருட்கள்.

பின்னல் வங்காளத்தில் தோன்றிய கலையல்ல. 19ஆம் நூற்றாண்டில் அந்தப்புரங்களுக்கு வந்து பாடம் சொல்லித்தந்த மிஷனரிப் பெண்கள் வழியாகவும், புதிதாகத் தோன்றிய பெண்கள் பள்ளிகள் வழியாகவும் உள்ளே நுழைந்த கைவேலை இது. 1849ல் தொடங்கிய பெத்யூன் பள்ளியில் எழுத்தோடு ஊசி வேலையும் சேர்த்தே சொல்லித்தரப்பட்டது. கம்பளி நூல் கொண்டு பூவும் கிளியும் போடும் 'கார்ப்பெட்' வேலை படித்த பெண்ணின் அடையாளமானது. நாவல் படிப்பதும் கார்ப்பெட் பின்னுவதுமாகப் பெண்கள் பொழுதைக் கழிப்பதாக அன்றைய ஆண்கள் கிண்டலும் செய்தார்கள். ஊசி போட்டவர்கள் அதைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்த வேலை சீக்கிரமே உள்ளூர் நிறம் பூசிக்கொண்டது. கொல்கத்தாவை அடுத்த ரிஷ்ராவில் 1855ல் இந்தியாவின் முதல் சணல் ஆலை வந்தது. ஹூக்ளி ஆற்றின் இருகரையிலும் ஆலைகள் பெருகின. சாக்குத் துணிக்கு வீட்டில் பஞ்சமில்லை. ஸ்வெட்டர் பின்னியதில் மிஞ்சிய கம்பளி நூலைக் கொண்டு சாக்குத் துணியின் கட்டங்களில் குறுக்குத் தையல் போட்டு, விருந்தாளி உட்கார்ந்து சாப்பிட ஆசனம் செய்தார்கள். மயிலோ ரோஜாவோ நடுவில், சுற்றிலும் கரை. மாப்பிள்ளை முதல் முறை விருந்துக்கு வரும்போது அவருக்கென்று போடப்படும் ஆசனம் மாமியாரின் கைத்திறனுக்கு விளம்பரம். மிச்ச நூலும் பழைய சாக்கும்தான் மூலதனம்.

இந்தச் சிக்கனம்தான் கம்பளிப் பின்னலின் உயிர். நெய்த துணியில் குறுக்கும் நெடுக்குமாக ஆயிரம் இழைகள். பின்னலில் இருப்பதோ ஒரே நூல். ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணி, அதற்குள் இன்னொன்று என்று கோத்துக்கொண்டே போகிறது. அதனால் நுனியைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் பிரிந்து நூலாகத் திரும்பக் கிடைக்கும். அப்பாவின் முழுக்கை ஸ்வெட்டர் முழங்கையில் தேய்ந்ததும் பிரிக்கப்படும். நூலைச் சிட்டமாகச் சுற்றி, அலசி, சுருக்கம் போக உலர்த்தினால் மகனுக்கு அரைக்கை ஸ்வெட்டர். அது சிறுத்தபின் குல்லா. கடைசியில் கைப்பிடி அளவு நூல் மிஞ்சும்போது கைக்குழந்தைக்குக் காலுறை. ஒரே நூல் ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைச் சுற்றி வந்துவிடும்.

காலுறை சின்னதுதான். ஆனால் பின்னுகிறவரின் பொறுமைக்கு அதுதான் பரீட்சை. மேல்நாடுகளில் இதற்கென்றே 'சாக்ஸ் நூல்' விற்கிறார்கள். பெரும்பாலும் முக்கால் பங்கு கம்பளி, கால் பங்கு நைலான். குதிகாலும் பெருவிரலும் உராய்ந்து ஓட்டை விழாமலிருக்க நைலான். 100 கிராம் உருண்டையில் 400 மீட்டர் நூல் இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு ஜோடி பின்ன அது போதும். மிஞ்சுவதை வீணாக்க மனமில்லாமல் சாவிக்கொத்துக்குத் தொங்கட்டான், முட்டைக்குத் தொப்பி, குழந்தைக்குக் குட்டி பொம்மை என்று அங்கேயும் பின்னித் தள்ளுகிறார்கள். கொல்கத்தாக் கடைகளில் இந்த வேலையைச் செய்வது 'பேபி உல்' எனப்படும் மெல்லிய நூல். பெயரில்தான் உல், அநேகமாக எல்லாம் அக்ரிலிக். ஆனால் மெத்தென்றிருக்கும், உடலில் அரிக்காது, துவைத்தால் சுருங்காது.

அவசரக்காரர்கள் இரண்டு ஊசிகளில் தட்டையாகப் பின்னி ஓரத்தை மூட்டிவிடுவார்கள். கை தேர்ந்தவர்கள் இரு பக்கமும் கூரான நான்கைந்து சின்ன ஊசிகளில் கண்ணிகளைப் பங்கிட்டு வட்டமாகப் பின்னுவார்கள். மூட்டே இருக்காது. சவால் குதிகாலில் இருக்கிறது. வரிசையை முடிக்காமல் பாதியிலேயே திரும்பி, மறுபக்கமும் பாதியிலேயே திரும்பி, தட்டையாக வரவேண்டிய பின்னலைக் கிண்ணம்போலக் குழிய வைக்க வேண்டும். சுற்றுக்கு 40 கண்ணி, காலுறைக்கு 65 சுற்று என்று வைத்தாலும் ஒரு ஜோடிக்கு ஐயாயிரத்துக்கும் அதிகமான கண்ணிகள். இரண்டு மூன்று மாலைப் பொழுதுகள் போய்விடும். குழந்தையோ ஒரு குளிர்காலத்துக்குமேல் அதைப் போடப்போவதில்லை.

இந்தப் பின்னல் ஒரு முறை வீட்டு வாசலைத் தாண்டி எல்லைவரை போனது. 1962ல் சீனாவுடன் போர் மூண்டபோது நேஃபா மலைகளில் நம் ஜவான்களில் பலர் பருத்திச் சீருடையும் கான்வாஸ் காலணியுமாக நின்ற செய்தி நாட்டை உலுக்கியது. வங்காளத்தில் மட்டுமல்ல, நாடு முழுவதும் பெண்கள் முகம் தெரியாத சிப்பாய்களுக்காக ஸ்வெட்டரும் காலுறையும் பின்னினார்கள். அதுவரை மகனுக்கும் மருமகனுக்கும் பின்னிய கைகள் அந்தக் குளிர்காலத்தில் ஒரு படைக்குப் பின்னின.

இயந்திரப் பின்னலிலும் இந்த ஊர் முந்திக்கொண்டதுதான். 1893ல் கிதிர்பூரில்தான் நாட்டின் முதல் பின்னலாடை ஆலை தொடங்கியது. திருப்பூரில் பனியன் தொழில் வேர்விடுவதற்கு வெகு முன்பு. பனியன் துணியை உற்றுப் பார்த்தால் தெரியும்: பாட்டி ஊசியில் போடும் அதே கண்ணிதான், இயந்திரம் நொடிக்கு ஆயிரக்கணக்கில் போடுகிறது. கம்பளியில் அந்த இடத்தை லூதியானா பிடித்துக்கொண்டது. குளிர்காலத்தில் வெலிங்டன் சதுக்கத்துக்கு - இன்றைய ராஜா சுபோத் மல்லிக் சதுக்கம் - போனால் நடைபாதை நெடுகத் தற்காலிகக் கடைகள். மலைப்பிரதேசங்களிலிருந்து இறங்கிவரும் திபெத்தியரும் மற்ற மலைவாசிகளும் நடத்தும் இதை ஊர்மக்கள் 'பூட்டியா சந்தை' என்கிறார்கள். மலைக்காரர் கையால் வாங்குவதில் ஒரு திருப்தி. சரக்கில் பெரும்பகுதி லூதியானாவின் இயந்திரங்களில் பிறந்தது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும்.

இந்த விலையோடு கைப்பின்னல் போட்டிபோட முடியாது. ஸ்வெட்டருக்கு வேண்டிய நூலின் விலையில் ஆயத்த ஸ்வெட்டரே வந்துவிடுகிறது. அதனால் பெரிய பின்னல்கள் முதலில் மறைந்தன. தாக்குப்பிடிப்பவை காலுறையும் குல்லாவும்தான். செலவு குறைவு, சீக்கிரம் முடியும், கொடுத்தால் வாங்குகிறவர் முகம் மலரும். தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியைச் சுற்றி வந்தால் இதன் அர்த்தம் நமக்கும் எட்டும். வாழை இலையும் காப்பிப் பொடியும் கிடைக்கும் அந்தத் தெருக்களில் இரண்டு ஊரின் தாய்மையும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறது. நம் வீட்டில் பச்சைக் குழந்தைக்குப் பாட்டியின் நைந்த புடவையில்தான் தூளி. புதுத் துணி உறுத்தும் என்பது காரணம். வங்காளியும் அதே காரணத்துக்காகப் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டு, குழந்தையைச் சுற்றக் காந்தா செய்தார். காந்தாவும் கம்பளிக் காலுறையும் ஒரே மனசின் இரண்டு வேலைகள்.

காந்தாவின் கதை ஒரு பாடமும் சொல்கிறது. நகரின் தென்மேற்கு ஓரத்தில் ஜோகாவில் இருக்கிறது குருசதய் அருங்காட்சியகம். ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்த குருசதய் தத் (1882-1941) கிராமம் கிராமமாகச் சேகரித்த பொருட்களால் ஆனது. அதன் பெருமை மானதாசுந்தரி தாசி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்த ஒரு காந்தா. சிப்பாய்களும் பாபுக்களுமாக 19ஆம் நூற்றாண்டு வாழ்க்கையையே நூலில் வரைந்து, அன்பளிப்பு என்பதையும் நூலாலேயே எழுதிவைத்திருக்கிறார். விற்பதற்காகச் செய்திருந்தால் அவர் பெயர் அதில் இருந்திருக்காது. 2017ல் மத்திய ஜவுளி அமைச்சகம் உதவியை நிறுத்தியதும் இந்த அருங்காட்சியகம் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கவே திணறியது. அதேசமயம் காந்தாத் தையல் போட்ட பட்டுப் புடவைகள் பெருநகரக் கடைகளில் நல்ல விலைக்குப் போகின்றன. காந்தாவுக்கு 2008ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தச் சந்தை கிராமத்துப் பெண்களுக்கு வருமானம் தருகிறது, அது வேண்டியதுதான். ஆனால் விற்கும் புடவையில் ஒரு மகள் தகப்பனுக்கு எழுதிய வரி இருக்காது.

கம்பளிக் காலுறைக்கு இதுவரை குறியீடும் இல்லை, அருங்காட்சியகமும் இல்லை. அதைக் காப்பாற்றுவது மகளோ பேத்தியோ பக்கத்தில் உட்கார்ந்து குதிகாலைத் திருப்பக் கற்றுக்கொள்வது ஒன்றுதான். புத்தகத்தைப் பார்த்து அதைக் கற்பது கடினம்; விரல்களைப் பார்த்தால் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் இப்போது தட்டுப்பாடு.

குளிர்காலத்தில் கொல்கத்தா போகிறவர்கள் வெலிங்டனில் ஸ்வெட்டர் வாங்கலாம், தப்பில்லை. கூடவே 50 கிராம் பேபி உல்லும் ஒரு செட் ஊசியும் வாங்கிக்கொண்டால் நல்லது. எடையும் இல்லை, செலவும் அதிகமில்லை. கொஞ்சம் வங்காளியோ இந்தியோ பேசத் தெரிந்தால், கம்பளி வாங்க வந்திருக்கும் மூத்த பெண்மணி யாரிடமாவது குதிகாலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அநேகமாகக் கடை ஸ்டூலிலேயே உட்காரவைத்துப் பாடம் நடத்துவார். ஊர் திரும்பிய பிறகு அதை யாருக்குப் பின்னுவது என்பது பெரிய பிரச்சினையாக இருக்காது. சென்னையில் குளிரே இல்லையே என்று யாராவது கேட்டால், கொல்கத்தாவிலும் அவ்வளவாக இல்லை என்று சொல்லிவிடலாம்.