கிணத்துக்குள்ள ஒரு புல்லாங்குழல்

ராத்திரி கரண்டு வர்ற வாரத்துல, மடை மாத்திக்கிட்டே கேக்க ஒரு இசை வச்சிருக்கேன். பால் ஹார்ன்னு ஒரு அமெரிக்க ஜாஸ் கலைஞர். 1968-ல ரிஷிகேஷுக்கு, மகரிஷி மகேஷ் யோகி ஆசிரமத்துக்கு வந்தவர். அந்தப் பயணத்துல ஆக்ராவுக்குப் போய், தாஜ்மஹாலுக்குள்ள ராத்திரியில தனியா புல்லாங்குழல் வாசிச்சுப் பதிவு செஞ்சார். ‘இன்சைடு’ன்னு ஆல்பம். தாளம் கிடையாது, பக்கவாத்தியம் கிடையாது. காவல்காரர் ஒருத்தர் குரல் மட்டும் இடையில கேக்கும். ‘நியூ ஏஜ்’ இசைக்கு இதைத்தான் முன்னோடின்னு சொல்றாங்க.

அந்தக் குவிமாடத்துக்குள்ள ஒரு சுரம் ஊதினா, அது அடங்க 28 நொடி ஆகுமாம். அதனால அவர் அவசரப்படல. ஊதுறார், நிறுத்துறார், திரும்பி வர்ற சத்தத்தைக் கேட்டு அதுமேல அடுத்த சுரத்தை வைக்கிறார். பாதி வாசிப்பு அந்தக் கட்டடத்தோடது.

இதைக் கேக்குறப்ப எங்க பழைய கிணறுதான் ஞாபகம் வரும். கமலை இறைச்ச காலத்துக் கல்லுக்கட்டு. சின்ன வயசுல எட்டிப் பார்த்துக் கூவுனா, அதுவும் திருப்பிக் கூவும். போர் போட்ட பிறகு வத்திக் கிடக்கு. மண்ணைப் போட்டு மூடிட்டா நாலு தென்னை வைக்கலாம்னு தம்பி சொல்றான். கணக்குப்படி அவன் சொல்றது சரிதான். ஆனா வெத்து இடம்னு நாம நினைக்கிறதுதான் சத்தத்தைப் பிடிச்சு வைக்குது. மழைத்தண்ணியையும் அது பிடிச்சு வைக்கும். மூடிட்டா ரெண்டுமே போச்சு.

ஐப்பசி மழைக்கு முன்னாடி வாய்க்கால் வெட்டி, தண்ணியை வடிகட்டி அதுல விட்டுப் பாக்கப் போறேன். தம்பி ஒரு மழைக்காலம் தவணை குடுத்திருக்கான். உங்க ஊர்ல இப்படிச் செஞ்சவங்க இருந்தா எழுதுங்க.