காலி ரூம் இருக்கா, சார்?

அக்கா மகள் ப்ளஸ் ஒன் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கெமிஸ்ட்ரி புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

''மாமா, எந்த எலெக்ட்ரான் எந்த ஆர்பிட்டால்ல உட்காரும்னு மண்டையில ஏறவே மாட்டேங்குது. நானும் உங்களை மாதிரி காமர்ஸுக்கே மாறிடறேன். அம்மாகிட்ட நீங்கதான் பேசணும்.''

சுருக்கென்றது. நான் பி.காம். படித்தது காமர்ஸ் மேல் காதலால் அல்ல. இதே பாடத்துக்குப் பயந்து ஓடியதால்! இருபது வருஷ ரகசியம் அது.

''சாயங்காலம் வா'' என்று அனுப்பிவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். மூன்றாவது தடவை படிக்கும்போது பொறி தட்டியது. அட, இது நான் பிரம்மச்சாரியாகக் குடியிருந்த திருவல்லிக்கேணி மேன்ஷன் ஆச்சே!

சாயங்காலம் ஆரம்பித்தேன்.

''ஆர்பிட்டால்னா ஒரு ரூம். ரூமுக்கு ரெண்டே பேர். அதுவும் ஒருத்தர் தலை வெச்ச பக்கம் இன்னொருத்தர் கால் நீட்டணும். அதான் எதிரெதிர் ஸ்பின். 1925-ல் பௌலி போட்ட சட்டம்.''

''சரி.''

''சிரமம் குறைஞ்ச ரூம்தான் முதல்ல நிரம்பும். ஒரே மாதிரி ரூம் பல இருந்தா, ஆளுக்கு ஒரு ரூமா தனியா படுப்பாங்க. காலி ரூம் தீர்ந்தாதான் பங்கு. எலெக்ட்ரானுக்கு எலெக்ட்ரான் ஆகாது, தள்ளும். இது ஹுண்ட் விதி.''

''பொட்டாசியத்துல 19-வது ஆள் 3d-யை விட்டுட்டு 4s-க்குப் போறானே?''

''3d மூணாவது மாடிப் பின்கட்டு. 4s நாலாவது மாடின்னாலும் படிக்கட்டுக்கு எதிர் ரூம். 4s ஆள் அப்பப்போ அணுக்கருப் பக்கமே எட்டிப் பார்த்துட்டு வருவான். அதனால அங்கே அவனுக்குச் செலவு கம்மி.''

குரோமியத்துக்கு அவளே தாவினாள். மொத்தம் 24 பேர். 18 பேர் கீழே செட்டில். மிச்சம் ஆறு. ''4s-ல ரெண்டு, 3d-ல நாலு... மாமா, 3d-ல அஞ்சு ரூமாச்சே! ஒண்ணு காலி! 4s-லேர்ந்து ஒருத்தன் அங்கே போயிட்டா, ஆறு ரூம், ஆறு பேர்!''

''அதேதான்!''

''இவ்வளவு நல்லா புரியுதே, அப்புறம் ஏன் மாமா காமர்ஸ் எடுத்தீங்க?''

''பயந்துட்டேன்ம்மா'' என்றேன். முதல் தடவையாக.

ஒன்றும் பேசாமல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். குரூப் மாறவில்லை.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு போன். ''மாமா, காப்பர்லயும் ஒருத்தன் ரூம் மாறியிருக்கானே?''

மறுபடியும் மேன்ஷன் படி ஏறிக்கொண்டிருக்கிறேன்.